பெரிதான ஆயில் சட்டி

கொல்லிமலைக் கிராமங்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப் போவதற்காகத் தனப்பிரியா ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கியிருந்தாள். சமவெளியில் குறை சொல்ல முடியாத வண்டி. செங்குத்தான மண்பாதையில் மூக்கைத் தூக்கியதும் ஆயில் அழுத்தம் குறைந்ததென்று எச்சரிக்கும் விளக்கு சிவப்பாக எரியும். உடனே இன்ஜினை அணைத்துவிடுவாள். ஏறி வந்தவர்கள் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது.

நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்த கதிர்வேல் அவளுடைய பெரியம்மா மகன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"இன்ஜின்ல குத்தமில்ல அம்முணி. மேடேறயில ஆயில் பூராம் அடியில இருக்கற சட்டியோட பின்பக்கம் ஓடிப்போகுது. முன்னால இருக்கற குழாய் காத்தைத்தான் உறிஞ்சுது. வித்துப்போட்டு வேற வண்டி பாரு."

"சட்டியையே பெருசு பண்ணுனா என்னுங்ணா?"

"ஆழமாக்கினா கல்லுல இடிக்கும்."

"பின்னால நீட்டலாமுங்களே. அங்க எடம் சும்மாதான கெடக்குது."

கதிர்வேல் மறுபடியும் அடியில் படுத்தான். இந்த முறை வெளியே வர நேரமானது.

"செஞ்சு பாக்கலாம்," என்றான்.

சட்டியைக் கழற்றிப் பின்பக்கத்தை அறுத்து, இரும்புத் தகட்டில் பெட்டி செய்து பற்றவைத்தான். உறிஞ்சும் குழாயைப் பின்னுக்கு நீட்டினான். இறக்கத்தில் ஆயில் முன்னால் பாயாமலிருக்க நடுவே ஒரு தடுப்பும் வைத்தான். ஐந்து லிட்டர் பிடித்த சட்டி இப்போது ஏழு பிடித்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தபோது ஒரு மூலை கசிந்தது. தனப்பிரியாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. கதிர்வேல் அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தான். கசிவு நின்றது. ஆயில் பார்க்கும் கம்பியின் பழைய கோடு இனி உதவாது என்பதால், ஆயிலை அளந்து ஊற்றிப் புதிய கோடு ஒன்றை அவளே அரத்தால் கீறினாள்.

சந்தை நாளில் உரமூட்டையோடு ஏறிய மலைக் கிராமத்து விவசாயி பச்சமுத்து, வழக்கமான மேடு வந்ததும் இறங்கத் தயாரானார்.

"உக்காருங்கய்யா, பாக்கலாம்."

முதல் கியரில் ஏறினாள். கண் விளக்கை விட்டு நகரவில்லை. வண்டி மூக்கைத் தூக்கியது. விளக்கு எரியவில்லை. மேலே போய் நிறுத்தியதும் இறங்கி, குனிந்து சட்டியைத் தடவிப் பார்த்தாள். சூடாக இருந்தது, ஆனால் கையில் ஒரு சொட்டு ஒட்டவில்லை.

பச்சமுத்து சிரித்தார். "இன்னும் மேல என் தங்கச்சி ஊரு இருக்குதும்மா. இதுவரைக்கும் வண்டியே போனதில்ல."

"பாதை அகலமா இருக்குதுங்களா?"

"வா, காட்டறேன்."

மூட்டையை அவர் வீட்டில் இறக்கிவிட்டு இருவரும் அந்தப் பாதையில் நடந்தார்கள். ஒரு திருப்பத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பாறை கிடந்தது. அது ஒன்றுதான் தடை. தனப்பிரியா அதைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் புரட்டலாம் என்று காட்டினாள்.

பச்சமுத்து அங்கிருந்தே தங்கைக்குப் போன் செய்தார். "வெள்ளிக்கிழமை கடப்பாரையோட நாலு பேரை வரச்சொல்லு. பலாப்பழத்தையும் பறிச்சு வை. ஜீப் வருது."