பிரிசில்லா தனக்கே எழுதிய சீட்டு

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்பதைப் பிரிசில்லா ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். விடாத தலைவலி, கண் மங்கல், முகத்திலும் காலிலும் வீக்கம், மேல்வயிற்றில் வலி, பிள்ளையின் அசைவு குறைதல், உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுக்குக் கிராம சுகாதார செவிலியராக வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இருநூறு பேருக்காவது இதைச் சொல்லியிருப்பாள். முதல் வருடம் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிச் சொன்னாள். இப்போதெல்லாம் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், கை அதுபாட்டுக்குச் சத்து மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்.

அந்த மார்கழியில் அவளுக்கே முப்பத்து நான்காவது வாரம். அதை வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு சொந்த விஷயமாக அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு ராத்திரிக்கு நான்கு தடவை எழுந்து கொல்லைக்குப் போய் வந்தாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழிப்பு வந்தது. வெறும் ரசம் சாதத்துக்கே நெஞ்சு எரிந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள், படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். காலில் நீர் கோத்து, அவளுடைய செருப்பு எதுவும் நுழையவில்லை. இரண்டு வாரமாகக் கணவன் ஆல்பர்ட்டின் ஒன்பதாம் நம்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

ஆல்பர்ட்டுக்குக் கீழே ராசிபுரத்தில் வாத்தியார் வேலை. சனிக்கிழமை மலையேறி வந்து ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவான். என் செருப்பு உனக்கெதற்கு என்று கேட்டான். மலைப்பாதைக்கு ஆம்பளைச் செருப்புதான் பிடிமானம் என்றாள். இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நினைப்பவன் அவன். வேறு செருப்பு வாங்கிக்கொண்டான்.

அரசாங்கம் கொடுக்கும் ஒரு வருட விடுப்பில் ஒரு நாளைக்கூடப் பிறக்காத பிள்ளைக்காகச் செலவழிப்பதில்லை என்பது அவள் முடிவு. வலி வந்தால் அன்றைக்கு எழுதிக் கொடுத்தால் போதும். போன மாதப் பரிசோதனைத் தேதியில் தடுப்பூசி முகாம் குறுக்கிட்டதால் அவளுடைய அட்டையில் ஒரு கட்டம் காலியாகவே இருந்தது. வேறொருத்தி அட்டையில் அப்படி ஒரு கட்டம் காலியாகக் கிடந்திருந்தால் வீடு தேடிப் போய்ச் சத்தம் போட்டிருப்பாள்.

அப்படி அவள் வீடு தேடிப் போய்ச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது மாதம்மாளிடம். மாதம்மாளுக்கு முப்பத்தொரு வயது, மூன்றாவது பிள்ளை, முப்பத்து ஏழாவது வாரம். ரத்த அளவு எட்டுக்கு மேல் ஏறவில்லை. முதல் பிள்ளையை வீட்டிலும் இரண்டாவதை மரவள்ளிக் காட்டிலும் பெற்றவள். இந்தத் தடவை ரத்தம் போனால் தாங்காது, பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கீழே ஆஸ்பத்திரியில் காத்திருப்பு அறையில் போய் இருக்க வேண்டும் என்று பிரிசில்லா மூன்று தடவை ஏறிப் போய்ச் சொன்னாள். முதல் தடவை மாதம்மாள் மிளகு பறிப்பு இருக்கிறதென்றாள். இரண்டாம் தடவை ஆடு சினையாக இருந்தது. மூன்றாம் தடவை, வீட்டுக்காரர் செங்கோடனுக்கு அடுப்பங்கரையில் உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது என்றாள். செங்கோடன் பக்கத்திலேயே நின்றுகொண்டு தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

நான்காம் தடவை போன அன்று காலையிலேயே பிரிசில்லாவுக்குத் தலை வலித்தது. இரண்டு நாளாகவே வலிதான். சாலை முடியும் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். வழக்கமாகப் பத்து நிமிடம். அன்றைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னதாகப் பூச்சி பறந்தது. மலையில் பூச்சிக்கு என்ன பஞ்சம் என்று எழுந்து நடந்தாள்.

மாதம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பிரிசில்லா அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றுப் பத்துக்கு எழுபது. காலை அழுத்திப் பார்த்தாள், வீக்கம் இல்லை. பிறகு வழக்கமான பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தாள். மாதம்மாள் எப்போதும் அதைக் கோழியைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். அன்றைக்கு நர்ஸின் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, தலவலி இருந்தா உடனே சொல்லோணுங்களா?"

"ஆமா. உடனே."

"உங்களுக்கு இருக்குதுங்களா?"

பிரிசில்லா பொய் சொல்கிறவள் அல்ல. "எனக்கு ரெண்டு நாளா இருக்கு. அது வெயில்."

இருவரும் முற்றத்தைப் பார்த்தார்கள். நான்கு நாளாக வெயிலே இல்லை. பத்தடிக்கு அப்பால் இருந்த பலாமரம் பனிமூட்டத்தில் தெரியவில்லை.

"அந்தப் பட்டைய உங்க கையிலயும் கட்டிப் பாருங்க" என்றாள் மாதம்மாள்.

பிரிசில்லா மறுத்தாள். ஏறி வந்த களைப்பில் சரியாகக் காட்டாது என்றாள். களைப்பு ஆறட்டும், நான் எங்கேயும் போகப் போவதில்லை என்று மாதம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். கால்மணி நேரம் ஆயிற்று. வேறு வழியில்லாமல் பிரிசில்லா கட்டிக்கொண்டாள். நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூற்று நான்கு.

மெஷினில் கோளாறு என்றாள். மாதம்மாள் கையை நீட்டினாள்; நூற்றுப் பத்துக்கு எழுபது. பிரிசில்லா செங்கோடனைக் கூப்பிட்டு அவருக்கும் பார்த்தாள். நூற்று இருபதுக்கு எண்பது. அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, நல்லா இருக்கிறதா என்று கேட்டார். நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் கையில் மறுபடி கட்டினாள். நூற்று அறுபதுக்கு நூற்றாறு.

பையில் சிறுநீர் பரிசோதனைக்கான காகிதப் பட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். மஞ்சளாக இருந்த நுனி பச்சையாக மாறியது. உப்பு இரண்டு பிளஸ். சிறுநீரில் புரதம் இறங்குவதை ஊர்ப் பெண்களுக்குப் புரியும்படி அவள் உப்பு என்றுதான் சொல்வாள். தனக்குச் சொல்லிக்கொள்ளும்போதும் அதே சொல்தான் வந்தது.

பின்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து பிள்ளை ஒரு தடவைகூட உதைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூளைக்கு எப்போதோ தெரிந்துதான் இருந்தது. ஏறும்போது ஆட்டத்தில் தூங்கியிருக்கும் என்று ஒரு பதிலையும் அது தயாராக வைத்திருந்தது.

சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அருணாவைக் கூப்பிட்டாள். வேறொருத்தியைப் பற்றிச் சொல்வது போலவே வாரம், அழுத்தம், உப்பு எல்லாம் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றாள்.

"வேற யாருக்காவது இப்படி இருந்தா நீ என்ன செய்வ?"

"நூத்தியெட்டக் கூப்பிடுவேன் மேடம்."

"கூப்பிடு. ஒரு அடி நடக்காத."

திரும்பி வந்தபோது மாதம்மாள் வீட்டுக்குள் இருந்தாள். இரண்டு புடவை, ஒரு போர்வை, ஒரு டம்ளர், சீப்பு எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போயிருந்தன. ஓரகத்தியிடம் பிள்ளைகளையும் ஆட்டையும் ஒப்படைத்தாயிற்று. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறதென்று செங்கோடனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை ஏறி இறங்கி நடக்காத காரியம் பத்து நிமிடத்தில் நடந்திருந்தது.

"நானும் வாரேனுங்க. எழுபது வளைவு, உங்களத் தனியா உட்டா யாரு புடிச்சுக்கறது" என்றாள்.

மேலே இருந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பரிந்துரைச் சீட்டு எழுத வேண்டும். பிரிசில்லா மாதம்மாளுக்கு ஒன்று எழுதினாள். பிறகு தனக்கு. அனுப்பப்படுபவர் என்ற இடத்தில் பிரிசில்லா என்று எழுதினாள். அனுப்புபவர் என்ற இடத்திலும் அதையே எழுதினாள். முன்னரே ஏன் அனுப்பப்படவில்லை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எப்போதும் எழுதுவதையே எழுதினாள்: 'கர்ப்பிணி ஒத்துழைக்கவில்லை.'

அந்தக் குக்கிராமத்துக்குச் சாலை இல்லாததால் கர்ப்பிணிகளை நாற்காலியில் வைத்துச் சுமந்து வர வேண்டியிருக்கிறது என்று பிரிசில்லா மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டிச் செங்கோடனும் அவர் தம்பி சின்னராசுவும் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தூக்கும்போது நாற்காலி பின்னால் சாய்கிறது, காலை நீட்ட இடமில்லை என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. மாதம்மாள் மஞ்சள் பையும் மருந்துப் பையுமாகப் பின்னால் நடந்து வந்தாள். கல் இருக்கும் இடமெல்லாம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாலையில் நின்ற ஆம்புலன்ஸ் முதலில் மேலேயே இருந்த சுகாதார நிலையத்துக்குப் போனது. அங்கே டாக்டர் அருணா வலிப்பு வராமலிருக்க இடுப்பில் இரண்டு ஊசி போட்டு, அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார். திட்டவில்லை. அதுதான் பிரிசில்லாவுக்குப் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸில் இமானுவேல் என்ற உதவியாளர் இருந்தான். மலைக்குப் புதியவன். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கர்ப்ப காலத்தின் ஆபத்து அறிகுறிகள் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றாள். சொல்லச் சொன்னான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி ஏழையும் சொன்னாள்.

"இதுல உங்களுக்கு எது எது இருந்துச்சு?"

"நாலு."

"எத்தன நாளாங்க?"

மாதம்மாள் பதில் சொன்னாள்: "ஊட்டுக்காரரு செருப்பப் போட்டுப் பதினஞ்சு நாளாச்சுங்க." அவன் பதினைந்து என்று எழுதிக்கொண்டான்.

வளைவுப் பலகைகளின் எண் எழுபதிலிருந்து இறங்கி வந்தது. அறுபதில் மாதம்மாள் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தைந்தைத் தாண்டியபோது பிரிசில்லா அவளைக் குனியச் சொல்லி, காதோடு சொன்னாள்.

"காலையில இருந்து அசையல மாதம்மா."

அது அவள் டாக்டரிடம்கூடச் சொல்லாதது. மாதம்மாள் பிரிசில்லாவின் வயிற்றின்மேல் கையை வைத்தாள். கரடுமுரடான, மிளகு வாசம் அடிக்கும் கை. வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் டிரைவர் ஹாரன் அடித்தார். பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டு, வேதத்தில் எந்த வசனமும் ஞாபகம் வராமல், ஆண்டவரே ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாம் வளைவில் விலாவுக்குக் கீழே ஒரு உதை விழுந்தது. தனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்று நினைத்தாள்.

"ஒண்ணு" என்றாள் மாதம்மாள்.

அடிவாரம் வருவதற்குள் ஆறு உதை ஆயிற்று. பிரிசில்லாவின் காதுக்குள் கண்ணீர் வழிந்து போயிருந்தது. இமானுவேல் பஞ்சு கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போட்டார்கள். அழுத்தம் அடங்கினால் இன்னும் கொஞ்ச நாள் வயிற்றிலேயே இருக்கட்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த ஆல்பர்ட், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எல்லாம் நார்மல் என்று சொன்னாயே என்று ஒரு தடவை கேட்டான். எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன் என்றாள். விடுப்பு விண்ணப்பத்தை அவனே எழுதினான், அவள் கையெழுத்துப் போட்டாள்.

மாதம்மாளுக்குக் காத்திருப்பு அறையில் கட்டில் கிடைத்தது. ரத்தம் ஏறுவதற்கு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அங்கே இருந்த பெண்களில் ஒருத்திக்கு நெஞ்செரிச்சல், ஒருத்திக்கு இடுப்பு நோவு, ஒருத்திக்குத் தினமும் சாயங்காலம் சூட்டு வலி என்கிற பொய் வலி வந்து பிரசவ அறை வரைக்கும் போய்த் திரும்பி வருவது வேலை. மாதம்மாள் எல்லோரிடமும் பேசிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு பிரிசில்லாவின் கட்டிலுக்கு வந்து பிள்ளையின் உதையை எண்ணுவாள். பத்து வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். ஒன்பதாம் நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் ஏழில் நிறுத்தி, நர்ஸைக் கூப்பிடச் சொன்னாள். எனக்கு வலி வந்து கொஞ்ச நேரமாகிறது, எண்ணி முடியட்டும் என்று பார்த்தேன் என்றாள். அரைமணி நேரத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. ரத்தப்போக்கு கூடுதலாகத்தான் இருந்தது. ஊசி போட்டு நிறுத்தினார்கள். மரவள்ளிக் காட்டில் என்றால் நிறுத்தியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை மாதம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவளை வீட்டுக்கு அனுப்ப வண்டி வந்த காலையில் பிரிசில்லாவுக்கு அழுத்தம் மறுபடி ஏறியது. உடனே ஆபரேஷன் என்றார்கள். மாதம்மாள் வண்டிக்காரரிடம் பிள்ளைக்கு விக்கல் என்றாள். விக்கல் நின்றதும், செங்கோடன் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றாள். செங்கோடன் அங்கேதான் நின்றார், உடனே டீ குடிக்கப் போனார். வண்டிக்காரர் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பெண் குழந்தை. ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிரிசில்லாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்ட மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் மாதம்மாள் கதவுக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டு, மூக்கு வாத்தியாருடையது என்று சொல்லிவிட்டு மலையேறியிருந்தாள்.

ஐந்தாம் நாள் பாலாடைச் சங்கில் பால் ஊட்டிப் பார்க்கலாம் என்றார்கள். எத்தனையோ தாய்மார்களுக்குப் பிரிசில்லா அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சங்கின் மூக்கை உதட்டோரம் வைக்க வேண்டும், ஊற்றக் கூடாது, பிள்ளையாக உறிஞ்சும்வரை பொறுக்க வேண்டும். அவள் சங்கை அதிகமாகச் சாய்த்துவிட்டாள். அங்கே வேலை பார்த்த இளம் நர்ஸ் ஒருத்தி வந்து, இப்படி அம்மா, இப்படிப் பிடிக்கணும் என்று அவள் மணிக்கட்டைத் திருப்பி வைத்தாள். எனக்குத் தெரியும் என்று பிரிசில்லா சொல்லவில்லை. சரிங்க என்றாள்.

குழந்தை ஒரு சொட்டை விழுங்கியது. கொஞ்ச நேரம் யோசித்தது. இன்னொரு சொட்டை விழுங்கியது. இருபது மில்லி போவதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பிரிசில்லா அவசரப்படுத்தவில்லை.