திரும்பிப் பார்க்காதது

தோளில் இருந்த குடத்தில் கடைசி ஓட்டையும் விழுந்து, தண்ணீர் கிருபாசங்கரின் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, அப்பாவின் சிதைக்குக் கொள்ளி வைத்தான்.

"அவ்வளவுதான் சாமி. திரும்பிப் பாக்காம நடந்துரு," என்றார் தாய்மாமன்.

நடந்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்த காளிச்சாமி, நேற்றுக் காலை வரை காப்பி ஆறிவிட்டதென்று சத்தம் போட்ட மனிதர், முதுகுக்குப் பின்னால் எரியத் தொடங்கினார்.

கிருபாசங்கருக்குப் பயமுறுத்துவதுதான் பிழைப்பு. யூடியூபில் பேய்க்கதை படிக்கிற சேனல். ஊரார் எழுதியதற்கெல்லாம் குரலை நடுங்கவிட்டுப் பேர் வாங்கியவன், அப்பா எழுதிய கதையை மட்டும் தொடவில்லை. உள்ளூர் மாடு என்றைக்கு விலை போயிருக்கிறது?

அப்பாவின் கதையில் பேயும் இல்லை, கொலையும் இல்லை. உக்கடம் குளத்துக்கு மேலே ஒரு சாயங்காலம், வானத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று கடந்து போகிறது. யாரையும் அது தொடுவதில்லை. கீழே ஓர் ஊர் இருப்பதே அதற்குத் தெரியாது.

"இதுல பயம் எங்கீங்கப்பா இருக்குது?" என்று, அப்பா கதையைச் சொன்ன அன்றைக்குக் கேட்டான். "ராக்கெட் உடறதச் செல்போன்ல பாத்துக்கிட்டே சனங்க சோறு திங்குது. வானம் பெருசுன்னா இப்ப ஆரு பயப்படறாங்க? கழுத்தக் கடிக்கோணும், ரத்தம் வரோணும்."

"கடிச்சா நம்மள ஒரு ஆளா மதிச்சுதுன்னு அர்த்தம் கண்ணு. கண்டுக்கவே இல்லீன்னா? நாம கத்தறம், கைய ஆட்டறம், அது பாட்டுக்குப் போகுது. அத விடப் பயம் என்ன வேணும்?"

"செரி, முழுசாப் படிச்சுப்போட்டுச் சொல்றனுங்க."

படிக்கவில்லை. அப்பா செல்போனில் தட்டி அனுப்பியதில் முதல் பக்கத்தைக்கூட அவன் தாண்டவில்லை. பிறகொரு நாள் சாப்பிடும்போது அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "படிச்சனுங்கப்பா. பயந்தான் வரலீங்க. ஆனா முடிவு அருமைங்க," என்றான்.

"செரி கண்ணு," என்று அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.

பின்னால் சிதையில் பச்சை மூங்கில் ஒன்று வெடித்தது. அப்பா அங்கே தனியாகக் கிடக்கிறார். பெற்ற மகன் அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். சேனலில் எத்தனையோ முறை நடுங்குவதாக நடித்தவனுக்கு இப்போது நிஜமாகவே கால் நடுங்கியது. பயமாக இருக்கிறது என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. குளித்துவிட்டு வந்தவனுக்கு, மாமன் வீட்டிலிருந்து வந்த சோற்றை அம்மா சாமியாத்தாள் இலையில் வைத்தாள்.

"அம்மா, அப்பாவோட கதைய நானே படிச்சுச் சேனல்ல போடறனுங்க. முழுசா. ஒரு வரி உடாம."

"முழுசா எங்க சாமி இருக்குது?" என்றாள் அம்மா. "முடிவு இன்னும் எழுதவே இல்லியே."

அவன் கை சோற்றிலேயே நின்றது.

"முடிவு அருமைன்னு நீ சொன்ன அன்னிக்கு, உள்ள வந்து ஒரே சிரிப்பு. 'பையன் படிக்கல சாமியாத்தா. பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை'ன்னாங்க. அதுக்கப்பறம் எழுதறதுக்கு உக்காரவே இல்ல."

அம்மா ரசக் கிண்ணத்தை எடுத்தாள். "ஊத்தட்டா?"

தலையாட்டினான். சோற்றில் குழி பறிக்க மறந்திருந்தான். ரசம் இலையைத் தாண்டித் தரையில் இறங்கி, அது பாட்டுக்குச் சுவரோரமாக ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.