ஒன்பதாம் இடத்துப் பாட்டு

மோகனப்பிரியாவுக்குக் கால் உடைந்தது ஒரு கோழிப்பண்ணையில். பல்லடத்தைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பாதிக்கு அவள்தான் டாக்டர். பதினைந்து வருடமாக ஈரத் தரையில் நடந்து பழகியவள், அன்றைக்கு உருண்டு கிடந்த ஒரு துண்டுக் குழாயை மிதித்து, ஆயிரம் கோழிகள் பார்த்திருக்க உட்கார்ந்தவாக்கில் விழுந்தாள். கணுக்காலில் முறிவு. ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

முதல் வாரம் தூங்கினாள். இரண்டாவது வாரம், பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள்களைத் தின்றுகொண்டே, பண்ணைக்காரர்களுக்குப் போனிலேயே மருந்து சொன்னாள். மூன்றாவது வாரம் பொழுது நகரவே இல்லை. அப்போதுதான் இருபது வருடமாக மனசுக்குள்ளேயே செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தை எழுத்தில் செய்ய உட்கார்ந்தாள். 'மூணாம் ஷிஃப்ட்' குழுவின் மேடை ஆல்பத்திலுள்ள ஒன்பது பாட்டுகளையும் முதலிடம் தொடங்கிக் கடைசி இடம்வரை வரிசைப்படுத்துவது.

'மூணாம் ஷிஃப்ட்' என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. கோயமுத்தூர்ப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்திய ராக் குழு. இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் ஒரு கல்லூரி மைதானத்தில் கச்சேரி வைத்து, அதை அப்படியே பதிவுசெய்து, ஐந்நூறு சிடி போட்டார்கள். அடுத்த வருடமே பாடகர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார், டிரம்ஸ் வாசித்தவர் மாமனாரின் மோட்டார் கம்பெனிக்குப் போய்விட்டார். அத்தோடு சரி. அந்த ஆல்பம் இன்டர்நெட்டில் எங்கேயும் கிடையாது. மோகனப்பிரியாவிடம் இருந்தது, அவள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் அந்தக் கச்சேரிக்குப் போயிருந்த தனபால் காப்பி எடுத்துக் கொடுத்தது. அப்போது அவன் அவளுக்குப் புருஷன் ஆகியிருக்கவில்லை. ஆகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். அந்த சிடியிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றி, பண்ணை பண்ணையாகப் போகும்போதெல்லாம் வண்டியில் அதையே போட்டுக்கொண்டு போவாள்.

வரிசையை எழுதி முடிக்க நான்கு நாள் பிடித்தது. முதல் இடம் 'கடைசி டவுன்பஸ்' பாட்டுக்கு. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "பஸ்ஸை விட்டவன் பின்னாலேயே ஓடுகிற பாட்டு. டிரம்ஸ் ஓடுகிறது, கிட்டார் மூச்சு வாங்குகிறது. கேட்கிற நமக்குக் கால் வலிக்கிறது," என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தன் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். இரண்டாம் இடம் 'மெஸ் சாம்பார்'. பாடகரும் கூட்டமும் மாறி மாறிக் கத்துவதற்காகவே அதற்கு அந்த இடம். மூன்றா நான்கா என்று 'சங்கு ஊதியாச்சு' ஒருநாள் முழுக்க அவளை அலைக்கழித்தது. 'ராத்திரி பரோட்டா' பாட்டில் கிட்டார் ஒரு இடத்தில் சுருதி விலகுகிறது, அதனால் ஏழு. அந்த விலகல்தான் அழகு என்று யாராவது சண்டைக்கு வந்தால் ஆறுக்கு ஏற்றத் தயார் என்றும் எழுதியிருந்தாள்.

கடைசி இடம்தான் அவள் மிகவும் ரசித்து எழுதியது.

"ஒன்பது: காற்றாலை. ஆல்பத்திலும் கடைசி, என் வரிசையிலும் கடைசி. நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது. மூன்று நிமிடம் பத்து வினாடியில் பாடகர் 'சுத்து' என்று ஒரு சொல்லைத் தொடங்குகிறார், 'சு'விலேயே பாட்டு நின்றுவிடுகிறது. காற்று நின்றால் காற்றாலையும் நிற்கும், அதைக் காட்டுகிறார்கள், அது அவர்கள் பாணி என்று எனக்குச் சொல்லப்பட்டது. இருபது வருடம் யோசித்தும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு பாட்டை முடிக்கத் தெரியாதவர்கள் அதற்குப் பாணி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்."

கோவைப் பக்கத்து மேடை இசையைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது. அதில் இதைப் போட்டாள். முதல் நாள் பதினோரு லைக். அதில் நாலு பேர் பண்ணைக்காரர்கள், டாக்டர் என்ன எழுதினாலும் லைக் போடுகிறவர்கள். இரண்டாம் நாள் காலையில், பத்மாவதி என்ற பெயரில் ஒரு கமெண்ட் வந்திருந்தது.

"ஏனுங்க டாக்டர், காற்றாலை எட்டே முக்கால் நிமிசப் பாட்டுங்க. நீங்க எதைக் கேட்டுப்போட்டு இப்படி எழுதியிருக்கறீங்க?"

மோகனப்பிரியா இரண்டு முறை படித்தாள். பிறகு, "என்கிட்ட இருக்கறது மூணு பத்துங்க. அவங்க பாணியே அதுதானுங்க," என்று பதில் போட்டாள்.

"பாணியுமில்லை ஒன்னுமில்லீங்க. உங்க பாட்டுல மீதி எங்கயோ போயிருச்சு. ஒரிஜினல் சிடி எங்கிட்ட இருக்குதுங்க. கேட்டுப்போட்டு அப்புறம் எத்தனையாவது எடத்துல வேணாலும் போடுங்க. கேக்காம போடறது நியாயமில்லீங்க."

மத்தியானம் தனபால் கடையிலிருந்து சாப்பிட வந்தான். பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவனிடம் மோகனப்பிரியா நடந்ததைச் சொன்னாள்.

"எட்டே முக்கால் நிமிசமாமுங்க! நம்ம பாட்டு மூணு நிமிசந்தானே?"

"ம்," என்றான் தனபால். ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

"அந்தம்மா சோமனூருங்களாம். தறி ஓட்டறாங்களாம். சிடியை எடுத்துட்டு நேர்லயே வாரேங்கறாங்க."

"கால் இப்படி இருக்கறப்ப எதுக்கு அம்மணி ஆளுகளை வரச்சொல்ற?" என்றவன், பாதிச் சாப்பாட்டில் கடையில் யாரோ காத்திருப்பதாக எழுந்து போய்விட்டான். சாதாரணமாக ஆயிரம் கேள்வி கேட்கிற மனுஷன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்று மோகனப்பிரியாவுக்கு அப்போது தோன்றத்தான் செய்தது. அதற்குள் பண்ணையிலிருந்து போன் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் சேலை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் துணியில் சுற்றிய சிடி.

"கும்புடறேனுங்க. பத்மாவதிங்க. கால் எப்படீங்க இருக்குது?"

"வாங்க, வாங்க. கால் கெடக்கட்டுமுங்க. சிடியைக் காட்டுங்க மொதல்ல."

காபி குடித்து முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. வீட்டில் சிடி போடுகிற எந்தச் சாதனமும் இல்லை. டிவியில் ஓட்டை இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. பழைய பிளேயரை எப்போதோ பழைய சாமான் வண்டியில் போட்டாயிற்று.

"அதுக்கெதுக்குங்க கவலை?" என்றார் பத்மாவதி. "என்ற கார்ல இருக்குதுங்க. இந்த வண்டியை விக்காம வெச்சிருக்கறதே அந்த பிளேயருக்காகத்தானுங்க. எந்திரிங்க, வண்டியிலயே கேட்றலாம்."

தனபால் தடுத்துப் பார்த்தான். வெயில் என்றான், கால் என்றான், டாக்டர் திட்டுவார் என்றான். "நானும் டாக்டர்தானுங்க," என்று மோகனப்பிரியா வாக்கரை எடுத்துவிட்டாள். ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அவள் வெளியே வருவதைப் பார்த்து, எதிர்வீட்டு நாச்சியம்மாள் கேட் வரைக்கும் ஓடிவந்தார்.

"ஏங்கண்ணு, ஆஸ்பத்திரிக்கா? மறுபடியும் வலிக்குதா?"

"இல்லீங்க. பாட்டுக் கேக்கப் போறோமுங்க."

வேப்பமரத்து நிழலில் நின்ற காருக்குள் மூன்று பேரும் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பதை நாச்சியம்மாள் தன் வாசலிலிருந்தே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனப்பிரியா பின்சீட்டில் காலை நீட்டித் தலையணைமேல் வைத்திருந்தாள். முன்னால் பத்மாவதி. பக்கத்து சீட்டில் தனபால், பஸ் வராதா என்று பார்க்கிறவனைப் போல.

'காற்றாலை' ஆரம்பித்தது. அவளுக்கு மனப்பாடமான தொடக்கம்: ஒற்றை கிட்டார், அதன்மேல் மெதுவாக ஏறிவரும் பேஸ், பிறகு குரல். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். பாடகர் அந்தச் சொல்லைத் தொடங்கினார். பழக்கத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்து," என்றார் பாடகர். "சுத்து... சுத்து..."

பாட்டு நிற்கவில்லை. இருபது வருடமாகச் சுவர் என்று நினைத்த இடத்தில் ஒரு கதவு இருந்தது போல இருந்தது அவளுக்கு. டிரம்ஸ் முதல்முறையாக உள்ளே வந்தது. அந்தப் பாட்டில் டிரம்ஸ் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கிட்டார் மேலே மேலே ஏறியது. ஐந்தாவது நிமிடத்தில் ஏதோ படபடவென்று சத்தம் கேட்டது.

"மழைங்க," என்றார் பத்மாவதி, திரும்பாமலே.

பதிவில் மழை பெய்தது. கூட்டம் கலைகிற சலசலப்பு. யாரோ மைக்கில், 'மழை வலுக்குதுங்க, எல்லாரும் பத்திரமாப் போங்க, கச்சேரியை இத்தோட' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது டிரம்ஸ் நின்றது, பேஸ் நின்றது. கிட்டார் மட்டும் நிறுத்தலாமா வேண்டாமா என்று தயங்கியபடி இழுத்துக்கொண்டிருந்தது. அப்போது, மேடைக்கு மிக அருகிலிருந்து, ஒரு பெண்குரல் தெளிவாகக் கத்தியது.

'நனைஞ்சா காஞ்சுக்குமுங்க! நீங்க பாடுங்க!'

பிறகு மைதானமே சிரித்தது. பாடகரும் மைக்கிலேயே சிரித்துவிட்டார். யாரோ கைதட்டத் தொடங்க, நூறு பேர், இருநூறு பேர் என்று அந்தத் தட்டல் பெருகித் தாளமாகி, அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ் திரும்பிவந்தது. மீதி மூன்று நிமிடமும் மழையும் கூட்டமும் சேர்ந்து பாடின.

பாட்டு முடிந்தது. மோகனப்பிரியா முன்சீட்டைப் பார்த்தாள். பத்மாவதி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அக்கா," என்றாள் மோகனப்பிரியா மெதுவாக. "அது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க." பத்மாவதி கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசுங்க. நூல் பார்க்கப் போறேன்னு ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தவ. பேச்சுன்னா எங்க ஊட்டுல ஆம்பளைங்க பேச்சுதானுங்க. நான் இருக்கறதே தெரியாது. அன்னைக்கு எப்படிக் கத்துனேன்னு இப்பவும் தெரியலீங்க. சிடி வந்து போட்டுக் கேக்கறேன், அதுல நான் இருக்கறேன்! அப்பா போனப்பறம் தறியெல்லாம் வித்துப்போடலாம்னு தம்பி சசிதர் சொன்னப்ப, நான் ஓட்டறேன்னு எந்திரிச்சுச் சொன்னேன் பாருங்க, அன்னைக்குக் காலைலயும் இதைத்தான் கேட்டுப்போட்டுப் போனேன். அதனாலதானுங்க, ஒன்பதாவதுன்னு பார்த்ததும் மனசு கேக்கலை."

மோகனப்பிரியா முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தொட்டாள். பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. மெல்லத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க. அது அவங்க பாணின்னு எனக்குச் சொன்னது யாருங்க?"

தனபால் கார்க் கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

"காந்திபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல காப்பி பண்ணிட்டிருந்தேன் பிரியா. கடைசிப் பாட்டு கம்ப்யூட்டர்ல ஏறறப்ப கரண்ட் போயிருச்சு. சிநேகிதனோட சிடி, அவன் வாசல்ல நின்னு கத்தறான். நாமக்கல் பஸ்ஸுக்கு நேரமாச்சு. கரண்ட் வந்ததும், ஏறுன வரைக்கும் போதும்னு சிடியில போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். நீ கேட்டுட்டு, 'ஏனுங்க இப்படி நிக்குது'ன்னு கேட்ட. உங்கிட்ட மொத மொதலாக் குடுத்த பொருள், அரைகுறைன்னு எப்படிச் சொல்றது? வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன்."

"இருபது வருசமுங்க!"

"நடுவுல சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ எல்லார்த்துக்கிட்டயும் அந்தப் பாணியை வெளக்க ஆரம்பிச்சுட்ட. அப்புறம் எங்க சொல்றது?"

பத்மாவதிதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து சிரித்தார். ஹாரன் அழுந்தி, தெருவே திரும்பிப் பார்த்தது. மோகனப்பிரியாவும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கால் வலித்தது.

"நீங்க கச்சேரிக்கே போயிருந்தீங்களே. முடிவு தெரியாதுங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மழை தூறவும் கடைசி பஸ்ஸுக்கு ஓடிப்போயிட்டேன்," என்றான் தனபால் பாவமாக. "நானும் இன்னைக்குத்தான் கேக்கறேன். நல்லாத்தான் இருக்குது."

அன்றைக்கு மத்தியானம் பத்மாவதி அங்கேயே சாப்பிட்டார். தனபாலே சமைத்தான். அதுதான் தண்டனை என்று இரண்டு பெண்களும் சேர்ந்து முடிவுசெய்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மோகனப்பிரியா புதிய வரிசையை எழுத உட்கார்ந்தாள். முதலில் மன்னிப்பு: கரண்ட் போனதற்கு ஒரு குழுவைத் திட்டிவிட்டேன் என்று எழுதினாள். பிறகு இடம். அங்கேதான் சிக்கல் வந்தது.

"மூணாவது," என்றாள்.

"மூணாவதுங்களா?" பத்மாவதி வெற்றிலையைக் கீழே வைத்தார். "அத்தனை கேட்டும் மூணாவதுங்களா?"

"அக்கா, உங்க குரலுக்கு மொத எடமுங்க. பாட்டுக்கு மூணாவது. 'கடைசி டவுன்பஸ்'ஸை எறக்க எனக்கு மனசு வரலீங்க. 'மெஸ் சாம்பார்' பாட்டையும்."

"சாம்பாரை விடவாங்க கீழ!"

"ஆமாங்க. பொய் எழுதி உங்களைச் சந்தோஷப்படுத்தலாம். ஆனா அப்படி ஒருத்தர் இந்த ஊட்டுல இருக்கறார், போதுமுங்க."

பத்மாவதி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "சரி, போடுங்க. ஆனா கீழ கமெண்ட்ல என்ற வரிசையை நான் எழுதுவேன். என்ற வரிசைல உங்க டவுன்பஸ் எட்டாவதுங்க."

"எட்டாவதா!" மோகனப்பிரியா கட்டுப் போட்ட காலை மறந்து எழப் பார்த்தாள்.

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தனபால் எட்டிப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே போனைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போதைக்குச் சண்டை ஏழாவது இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அவன் இன்னொரு தடவை காபிக்குப் பால் வைத்தான்.