எறங்குது

கண்ணாடி இழை பொய் சொல்லாது என்று கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தார்கள். நாங்கள் பேசுகிற தமிழைப் பற்றி ஒருத்தரும் எச்சரிக்கவில்லை.

மேலூரைத் தாண்டி ஒரு பழைய கால்வாய்ப் பாலம். அடிப்பக்கம் விரிசல் விட்டதால் இரும்புத் தகடு ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பசைக்குள்ளேயே தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. பசை எவ்வளவு இழுபடுகிறது என்பதை அது என் லேப்டாப்பில் எண்ணாகக் காட்டும். அழகுபாண்டி அண்ணன் கிரானைட் லாரியைப் பாலத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார், எண் ஏறும். லாரி போனதும் இறங்கும். உடனே போனில் "எறங்குது" என்பேன். கீழே காத்திருக்கும் என் தம்பி ஆன்சன் சாரத்தில் ஏறி, எங்கேயாவது பசை விட்டிருக்கிறதா என்று தகட்டைத் தட்டிப் பார்ப்பான். அங்கிருந்து அவனுக்கு லாரி தெரியாது, என் பேச்சுதான் கணக்கு. காலையிலிருந்து இதே கூத்து.

மத்தியானம், லாரி நடுவில் நிற்கும்போதே எண் மளமளவென்று சரிந்தது.

பாரம் மேலே இருக்கும்போது எண் இறங்கினால் பசை பிடியை விடுகிறது என்று அர்த்தம். தகடு எந்நேரமும் விழலாம். பதற்றத்தில் வாயில் வந்தது அந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான்.

"ஆன்சா, எறங்குதுடா!"

"சரிக்கா, ஏறுறேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டான் போல. தொண்டை கிழியக் கத்தினேன். லாரி உறுமலில் ஒன்றும் எடுபடவில்லை. லேப்டாப்பைப் போட்டுவிட்டுக் கரையில் சறுக்கிக்கொண்டே ஓடினேன். ஏசுவே, ஏசுவே என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. அவன் சாரத்தின் மேல் நின்று சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான். காலைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சேற்றில் விழுந்தோம். தரதரவென்று அவனைக் கரைக்கு இழுத்து வருவதற்குள் தகட்டின் ஒரு முனை பிய்ந்து தொங்கி, அவன் நின்ற பலகையை நொறுக்கியது.

"நீதானக்கா எறங்குதுன்னு சொன்ன?" என்றான்.

அறையத்தான் கையை ஓங்கினேன். கை அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு அழகுபாண்டி அண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தாயி, வண்டியப் பாலத்த விட்டு எறக்கிரவா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஆனால் மறுபடியும் அந்த 'எறங்கு'க்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. தம்பி சட்டையை விடாமல், போ போ என்று கையை மட்டும் ஆட்டினேன்.