பிள்ளையாருக்கு நேர்ந்த மாட்டுத்தீவனம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பெயர்ப்பலகை. எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில், தீவுக் கிராமமான சரவணையில் ஓர் ஒழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். (காற்றுப் போய்விட்டது. சைக்கிளுக்கு.) தீவு முழுக்கப் புல் கருகிச் சாம்பல் நிறத்தில் கிடக்க, ஒரு பனையோலை வேலியில் தகரப் பலகை: ‘கலப்புப் பயிர்த் தீவன அபிவிருத்தி முன்மாதிரித் தோட்டம்.’ எட்டிப் பார்த்தேன். பலகையை வாசித்து முடிக்கும் முன் தோட்டத்தைச் சுற்றி வந்துவிடலாம். கிணற்றடியில் சோளம் வரிசையாக நின்றது. இடையில் விதைத்த கௌபி என்ற பயற்றங்கொடி அதில் ஏறியிருந்தது.

இந்தப் பலகைக்காரரை வைத்து நல்லதொரு நக்கல் கதை எழுதலாம் என்று அங்கேயே தீர்மானித்தேன். நீங்கள் வாசிப்பது அந்தக் கதை அல்ல. அது கெட்டுப்போன விதம்.

2

முதல் தொடக்கம்: ‘உலகத்தைத் திருத்த வந்த பரமலிங்கத்தார் முதலில் ஒரு மாட்டைத் திருத்த நினைத்தார்.’ [மாட்டில் ஒரு பிழையும் இல்லை. வெட்டிவிட்டேன்.]

இரண்டாவது: ‘சிவப்பி என்ற பசு வேலிக்கு வெளியே நின்று பச்சையைப் பார்த்தபோது அதன் மனதில்…’ மாட்டின் மனதுக்குள் போய் எழுதுகிறவர்களை இவ்வளவு காலமும் கிண்டலடித்துவிட்டு நானே எப்படிப் போவது?

ஆகவே நேராகச் சொல்கிறேன். சிவப்பி சினைமாடு. வீட்டில் வைக்கோல் முடிந்துவிட்டது. பலகைக்காரர் பரமலிங்கத்தாரின் மனைவி சிவக்கொழுந்துக்கு அந்த மாட்டைக் கொடுத்தவர் அவரது தமையன், புங்குடுதீவு இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளை. அவர் சொல்லி அனுப்பியிருந்தார்: “என்னட்டை வைக்கோல் கிடக்கு. உங்களுக்குப் பாக்க ஏலாட்டில் வெள்ளிக்கிழமை வந்து மாட்டைக் கொண்டுபோறன்.” தோட்டத்தை வெட்டிப் போட்டு, மாடு தின்றால், மாடு நிற்கும். இல்லாவிட்டால் பாலத்தால் நடந்து புங்குடுதீவுக்குப் போகும்.

3

பரமலிங்கத்தாரை நான் பெருமைக்காரராகத்தான் படைத்தேன். அவரும் ஒத்துழைத்தார். “சோளம் கௌபிக்குக் கொழுகொம்பு, கௌபி மண்ணுக்கு உரம், ரெண்டும் மாட்டுக்கு முழுச் சாப்பாடு. இதுதான் கூட்டு நிர்வாகம்” என்று வாழைக்குட்டியைப் பார்த்துக்கூடச் சொல்லக்கூடியவர். தோட்டத்துக்குள் காலில் தோல் சப்பாத்தோடு இறங்குவார். சப்பாத்தைப் பற்றி ஒரு பந்தி பகிடியாக எழுதினேன். பிறகுதான், எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்புக் கந்தோர் வேலையையும் வீட்டையும் விட்டுக் கப்பலில் வந்திறங்கியபோது அவர் கொண்டுவந்த முழுச் சாமானும் அந்தச் சப்பாத்து…

[இந்தப் பந்தியை விடுகிறேன்.]

4

வெள்ளிக்கிழமை காலை. அவர் அரிவாளோடு இறங்கினார்.

“நில்லுங்கோ,” என்றார் சிவக்கொழுந்து. “காய்ச்சு நிக்கிறதை ஆராவது வெட்டுவினமே?”

“இது தீவனமப்பா. சோளப்பொத்தி பால் பிடிக்கேக்கை வெட்டவேணும் எண்டு கையேட்டிலை கிடக்கு. முத்தினால் தண்டு விறகு.”

“நீங்கள் கந்தோரிலை கடதாசி வெட்டினனீங்கள். கடதாசி காய்க்கிறேல்லை.”

மீன் கொண்டுவந்த பக்கத்து வளவு எமிலி படலையில் நின்று சிரித்தாள்.

“சிரியாதையும் எமிலி. நான் நேத்தியும் வைச்சிட்டன். சிவப்பி சுகமாக் கண்டு போட்டால் முதல் பொத்தி பிள்ளையாருக்கு. அதுவரை ஒருத்தரும் தோட்டத்திலை கை வைக்கேலாது.”

“மாட்டுத்தீவனத்துக்கோ நேத்தி?”

“தீவனமெண்டு பிள்ளையாருக்குத் தெரியுமே?”

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது: முதற்காயைக் கோயிலுக்குக் கொடுப்பது இங்கே எல்லோருக்கும் வழக்கம். மாடு தின்னவென்றே விதைத்ததை நேர்ந்தவர் நான் அறிய இவர் ஒருவர்தான். கன்று பிறக்கும்வரை பயிரை வெட்டக்கூடாது. பயிரை வெட்டாவிட்டால் கன்று இங்கே பிறக்காது. இப்படி ஒரு முடிச்சை என்னால் சொந்தமாகப் போட ஏலாது.)

இந்த இடத்தில் பரமலிங்கத்தார் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வெட்டவேண்டும். மூடநம்பிக்கை பற்றி அவருக்காக இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் அரிவாளைத் தாழ்த்தினார்.

“நேத்தி எண்டால் நேத்திதான்,” என்றார், மெதுவாக.

என் நக்கல் கதை கெட்டது இங்கேதான்.

5

முடிவு அ: சிவப்பி வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. என் வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் பசித்த மாடு பச்சைக் கௌபியை ஒரேயடியாகத் தின்றால் வயிறு ஊதுமாம். வேலியை இன்னொரு வரிச்சுக் கட்டி உயர்த்திவிட்டேன்.

முடிவு ஆ: ஆழ்வாப்பிள்ளை மாட்டை இழுத்துப்போக, புருசனும் பெண்சாதியும் ஒழுங்கை முடக்கு மட்டும் பின்னால்… எழுதமாட்டேன்.

முடிவு இ, எமிலி சொன்னது. ஆழ்வாப்பிள்ளை கயிறோடு படலையைத் திறக்கும்போதே சொன்னாள்:

“அக்கா, ஒரு மூலையைப் பிள்ளையாருக்கு விட்டிட்டு மிச்சத்தை வெட்டுங்கோவன். எங்கடை அந்தோனியாருக்கும் நாங்கள் பிடிச்ச மீன் முழுக்கக் குடுக்கிறேல்லை.”

“நீர் உம்மடை அந்தோனியாரைப் பாரும்,” என்றார் சிவக்கொழுந்து. தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புருசனிடம், “எந்த மூலை?”

“ஈசான மூலை,” என்றார் பரமலிங்கத்தார், யோசிக்காமலே. இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

“மச்சான், வெயில் ஏறமுதல் பாலம் கடக்கவேணும்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“பொறு அண்ணை.” சிவக்கொழுந்து அரிவாளை வாங்கினார். “நேர்ந்தது நான். வெட்டுறதும் நான்.”

வெட்டினார். ஈசான மூலையில் ஒரு கைப்பிடி சோளமும் அதில் சுற்றிய கொடியும் மட்டும் நின்றன. பரமலிங்கத்தார் சோளத்தையும் கௌபியையும் துண்டாக்கிக் கலந்து, கை நிறைய அள்ளிச் சிவப்பியின் முன்னால் நீட்டினார்.

சிவப்பி மணந்து பார்த்தது. பிறந்ததிலிருந்து வைக்கோலும் பூவரசங்குழையும் தின்ற மாடு. முகத்தைத் திருப்பியது.

ஆழ்வாப்பிள்ளை சிவப்பியின் கட்டுக்கயிற்றை அவிழ்த்தார்.

“தின்னு மோனை,” என்றார் பரமலிங்கத்தார். கூட்டு நிர்வாகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிவப்பி மறுபடியும் மூக்கை நீட்டுகிறது. இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவர் கையிலுள்ள தீவனத்தை நீங்கள் வாங்கிப் பிடியுங்கள். கொஞ்சம் தாழ்த்தி. நாக்கு வந்து சுற்றினால் சொரசொரவென்று இருக்கும். கையை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.