சாம்பல் நிறத்துக் குஞ்சு

முதுகில் அடிபட்டு எம்சி எடுத்து, மருத்துவ விடுப்பில் வீட்டோடு இருந்த திமோத்திக்கு உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்த்துப் பழகிய உடம்பு சும்மா இருக்கத் தெரியாமல், கூலாயில் இருந்த வீட்டின் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவன் மனைவி ஸ்டெஃபனி மூன்று கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்தாள். சாம்பல் ஒன்று, பழுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் நோரா மருத்துவமனைத் தாதி. இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “ஆயாம் பெத்தினா போலே. ஜந்தான் ஜங்ஙான், யா?” பெட்டை என்றால் வளர்க்கலாம், சேவல் மட்டும் வேண்டாம்.

திமோத்தியின் மனம் அதையே பிடித்துக்கொண்டது. குஞ்சுகள் தீனித் தட்டுக்கு வந்தால் பிடிப்பான். கொண்டையைப் பார்ப்பான், காலை அமுக்கிப் பார்ப்பான். கைபேசி வீடியோவில் ஒருவன் கொண்டையைப் பார் என்றான், இன்னொருவன் காலின் தடிமனைப் பார் என்றான்.

“அதுங்கள நிம்மதியா விடுங்களேன். வளந்தா தானா தெரியும் லா,” என்றாள் ஸ்டெஃபனி.

“கூவின பிறகு தெரிஞ்சு என்ன செய்ய?”

குஞ்சுகள் வளர வளர, சாம்பலுக்குக் கால் தடித்தது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. மற்ற இரண்டும் ஒதுங்கி நிற்க, அது மட்டும் ஓடிவந்து அவன் உள்ளங்கைச் சோற்றைக் கொத்தித் தின்றது. இத்தனை தைரியம் சேவலுக்குத்தான் வரும் என்று அவன் முடிவுகட்டினான். பாலோவில் இருக்கும் ஸ்டெஃபனியின் அண்ணன் சந்தனசாமியிடம் அதைக் கொண்டுபோய், “சேவல் மச்சான், வச்சுக்குங்க,” என்று கொடுத்துவிட்டு வந்தான்.

சில வாரம் கழித்து, ஒரு நண்பகலில், உடைந்த விசில் ஊதியது போல ஒரு சத்தம். பின்வாசலுக்கு ஓடினான். எப்போதும் மூலையில் பதுங்கும் பழுப்புதான் கழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டிருந்தது.

“அலமாக்!”

பிடித்துத் திருப்பினான். வாலுக்கு முன்னால் முதுகில் நீள நீளமாய், நுனி கூர்த்த இறகுகள் தொங்கின. எத்தனையோ முறை கையில் தூக்கியும் அங்கே மட்டும் அவன் பார்த்ததில்லை. கக் நோராவின் ஜன்னல் திறப்பதற்குள் அதைப் பெட்டியில் போட்டு, காரில் ஏற்றிப் பாலோவுக்குக் கிளம்பினான். இதை விட்டுவிட்டு சாம்பலைக் கூட்டி வந்துவிடலாம். வழியெல்லாம் முதுகு குத்தியது. எங்கும் நிறுத்தவில்லை.

சந்தனசாமியின் மனைவி வினிஃப்ரெட் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தாள்.

“தம்பி, நீங்க சேவல்னுதானே சொன்னீங்க. போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஆளுங்க வந்தாங்க...” குரல் தணிந்தது. “அறுத்தப்ப உள்ள சின்னச் சின்னதா முட்டைக் கரு இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

தேநீர் கொடுத்தாள். அவனால் உட்கார முடியவில்லை. கோப்பையோடு கொல்லைக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். குடிக்கவில்லை.

சந்தனசாமி பெட்டியைத் திறந்து பழுப்பைத் தூக்கினார். “இது சேவல்தான், சந்தேகமே இல்ல. இங்கேயே விட்டுட்டுப் போங்க.”

“அறுத்துடாதீங்க மச்சான்.”

“சேவல்தானே?”

“சேவல்தான். இருந்தாலும் அறுத்துடாதீங்க.”

சந்தனசாமி சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சரி,” என்றார்.

காரில் ஏறியதும் திமோத்தி ஸ்டெஃபனியை அழைத்து நடந்ததைச் சொன்னான்.

“அது பெட்டை, ஸ்டெஃபி,” என்றான் மறுபடியும்.

“கேட்டுச்சு. பாத்து ஓட்டிட்டு வாங்க.”

சாவியைத் திருகினான். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தான்.