முழு எண்தான் வரும்

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று தம்பி நிரல் எழுதிக் கணக்குப் போட்டால், நான் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அது கீழே வெட்டும் மிஷினுக்குப் போகும். நான் போட்டால் நேரே போகும். யாரும் வாய் திறப்பதில்லை. திறக்க என்ன இருக்கிறது?

அன்று வந்தது அணை மதகைத் தூக்கும் ஜோடிச் சக்கரம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெட்ட வைத்திருந்த உருக்கு கெட்டால் மாற்று வர மாதக்கணக்காகும். அதுவரை மதகு அசையாது. பெரிய சக்கரம் என் கணக்கு, ஏற்கெனவே மிஷினில் ஏற்றியாகிவிட்டது. சின்னது தம்பியுடையது.

"முழு எண்தான் வருமா?" என்றேன்.

"தலைப்புலயே 'இது முழு எண்ணைத் தரும்'னு போட்டிருக்கேனே, அக்கா."

"போட்டா ஆச்சா? இந்த நிரல் மொழி உள்ள வர்ற எண்ணைத்தான் வாசல்ல நிறுத்தி விசாரிக்கும். வெளிய போறதைக் கண்டுக்காது. பின்னம் வந்தா பின்னத்தையே கொடுத்துட்டுப் போயிடும். கீழ மிஷின் அந்த அரையைச் சத்தமில்லாம முழுங்கிடும், ரெண்டு சக்கரமும் சேராது. சோதனையை நாமதான் முடுக்கிவிடணும்."

வெளியே போகும் விடையையும் சோதிக்கும்படி சோதனை அளவை உச்சத்துக்கு ஏற்றி அவன் நிரலை ஓட்டினேன். மாட்டிக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். பதினேழு என்று பளிச்சென்று வந்தது.

"அப்படியே உன்னோடதையும் ஓட்டிடேன்," என்றான்.

"என்னோடதையா?" சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

பிழை. முழு எண் தருவதாக அறிவிப்பு, வந்திருப்பது 83/2, நாற்பத்தொன்றரைப் பல்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பிக்கு ஓடியது. தடதடவென்று படியிறங்கிச் சிவப்புப் பொத்தானை அடித்தான். கத்தி உருக்கைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி.

மேலே வந்ததும் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். "ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைக் கொஞ்சம் தப்பாக் கொடுத்திருக்க, வா பார்க்கலாம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். இதற்குக் கேலியே தேவலாம். வெட்கமாக இருந்தது. கூடவே, இவன் என் தம்பி என்ற திமிரும் இருந்தது.

திருத்திய எண் வந்தது. கீழேயிருந்து மிஷின்காரர் என்னை அண்ணாந்து பார்த்தார். "வெட்டலாமாம்மா?"

"தம்பியைக் கேளுங்க," என்றேன். "இனிமே என் கணக்கா இருந்தாலும்."